குத்துவிளக்கு வெளிச்சத்தில் முகம் தெரிய வேண்டும்

(நவராத்திரிக்கு முன் நடந்த சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் வந்துவிட்டன. "ராத்திரி வீட்டுக்குள் படம் எடுப்பது எப்படி என்று பத்து நிமிஷம் பேசுங்கள்" என்றார் நம் செயலாளர். நான் 35 வருஷம் வங்கியில் கணக்கு எழுதியவன். அதனால் இதையும் கணக்காகவே சொல்கிறேன்.

முதலில், இது எதற்கு? வீட்டுப் பெரியவர் ஒருவர் தவறிவிட்டால், சுவரில் மாட்ட ஒரு படம் தேடுவோம். நூறு படம் இருக்கும். ஒன்றில் முகம் கலங்கியிருக்கும். இன்னொன்றில் ஃபிளாஷ் பட்டு சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போடுவோம். நம் வீட்டு விசேஷங்கள் பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகு ஹாலில்தான் நடக்கின்றன. அந்த வெளிச்சத்தில் எடுக்கத் தெரிந்துவிட்டால் இந்தக் குறை வராது.

பகல் வெயிலோடு ஒப்பிட்டால், இரவில் நம் ஹாலில் இருப்பது பல நூறில் ஒரு பங்கு வெளிச்சம்தான். கண் அதற்குப் பழகிக்கொள்ளும். கேமராவுக்கு மூன்றே வழிகள். லென்ஸின் திறப்பை அகலமாக்கலாம். எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றலாம். மூன்றுக்கும் விலை உண்டு. திறப்பு அகன்றால் முன்னும் பின்னும் இருப்பவை மங்கும். நேரம் நீண்டால் அசைவது கலங்கும். ஐ.எஸ்.ஓ. ஏறினால் ரவை தூவியது போல் புள்ளிகள் வரும். ஒரு பக்கம் பற்று என்றால் மறுபக்கம் வரவு: 1/50 நொடியை 1/100 ஆக்கினால் வெளிச்சம் பாதி, ஐ.எஸ்.ஓ.வை 800-இலிருந்து 1600 ஆக்கினால் கணக்கு நேராகிவிடும்.

பொம்மைகள் அசையாது. ஆகவே கொலுப்படிக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். டிரைபாட், இல்லாவிட்டால் ஸ்டூல் மேல் இரண்டு புத்தகம். ஐ.எஸ்.ஓ. 200, எஃப் 8, இரண்டு நொடி டைமர். ஷட்டர் ஒரு நொடி ஆனாலும் பரவாயில்லை. எல்லாப் படிகளும் தெளிவாக வரும். ஃபேனை நிறுத்திவிடுங்கள், சுடர் ஆடாது.

மனிதர்கள் அசைவார்கள். பாட்டு பாடும் பேத்தி, சுண்டல் கொடுக்கும் மாமி இவர்களுக்கு 1/100 நொடி வையுங்கள். மேல் சக்கரத்தில் நிக்கானில் 'எஸ்', கேனானில் 'டிவி' என்று இருக்கும். தொலைக்காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 3200 என்று கட்டுங்கள். படம் இருட்டாக வந்தால் 6400 வரை போகலாம். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு ஓரளவு சரி செய்யலாம். கலங்கிய முகத்தை மீட்க முடியாது. 1/100-க்கு இன்னொரு லாபமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில டியூப் லைட்டும் எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன. அந்த வேகத்தில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழாது.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸில் ஜூம் செய்தால் திறப்பு எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். ஜூம் வேண்டாம், நீங்களே இரண்டடி முன்னால் போங்கள். செலவு செய்யத் தயார் என்றால் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் வாங்கலாம். எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

குத்துவிளக்கும் சீரியல் செட்டும் ஃபிரேமுக்குள் இருந்தால், "வெளிச்சம் நிறைய இருக்கிறது" என்று கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். பிளஸ்-மைனஸ் பட்டனில் பிளஸ் 1 வையுங்கள்.

ஃபிளாஷை நேராக அடிக்காதீர்கள். தனி ஃபிளாஷ் இருந்தால் வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்புங்கள். மார்கழியில் மியூசிக் அகாடமியிலோ நாரத கான சபாவிலோ பத்தாவது வரிசையிலிருந்து அடிக்கும் ஃபிளாஷ் மேடைக்குப் போய்ச் சேராது. முன்னால் இருப்பவர் தலைதான் பளபளக்கும், பாடுபவருக்கும் தொந்தரவு.

கடைசியாக ஒன்று. எல்லா மூலையும் பளிச்சென்று தெரிய வேண்டியதில்லை. பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த 'நாயகன்' (1987) படத்தைப் பாருங்கள். அரை இருட்டில், ஒரு பக்கத்து ஒளியில் எத்தனை முகங்கள்! அந்தப் படத்துக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. அம்மாவை விளக்குக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். பின்னால் இருட்டாகவே இருக்கட்டும்.

விசேஷ நாளில் பழகக் கூடாது. இன்று ராத்திரியே விளக்கேற்றி, வீட்டில் மூத்தவரை உட்கார வைத்து இருபது படம் எடுங்கள். நன்றாக வந்த ஒன்றைப் பிரிண்ட் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள்.