நிறம் மாறும் மின்கடத்திகள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மின்கம்பியின் உள்ளே செம்பு. வெளியே பிளாஸ்ரிக் உறை. செம்பு மின்னைக் கடத்தும், உறை தடுக்கும். இதைக் கண்டு பழகிய உலகம், பிளாஸ்ரிக் இனம் முழுவதும் மின்கடத்தாதென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தது.

1862ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி லெதபி என்னும் இரசாயன அறிஞர் அனிலீன் கரைசலில் மின்னைச் செலுத்தினார். பிளாற்றினத் தகட்டில் நீலப்பச்சைப் படிவொன்று உண்டாயிற்று. சேர்க்கும் பொருளுக்கேற்ப அதன் நிறம் மாறிற்று. அதுவே இன்று பொலியனிலீன் எனப்படும் பல்பகுதியம். நிறம் மாறுவதைக் கண்டனர். அது மின்னைக் கடத்துமா என்று ஆராய ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன!

1967இல் ரோக்கியோவில் ஹிடெக்கி ஷிரக்காவா பணியாற்றிய ஆய்வுகூடத்தில், ஊக்கி ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்ந்துவிட்டது. கருந்தூளுக்குப் பதிலாக வெள்ளிபோல் மினுங்கும் பொலியசற்றலீன் படலம் கிடைத்தது. அவர் அதை வீசிவிடவில்லை. பின்னர் அமெரிக்காவில் மக்டயர்மிட், ஹீகர் என்போருடன் கூடி அதில் அயடீனைச் சேர்த்தபோது, கடத்துதிறன் கோடி மடங்களவு உயர்ந்தது. 1977இல் இம்முடிவு வெளியாயிற்று. 2000ஆம் ஆண்டில் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இதன் காரணம் யாது? இப்பல்பகுதியச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருகின்றன. சில இலத்திரன்களை அகற்றினால், மின்னேற்றம் சங்கிலி வழியே நகர இடம் பிறக்கிறது. உறிஞ்சும் ஒளியும் மாறுகிறது. ஆகவே கடத்தலும் நிறமும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். பொலியனிலீன் அமிலம் சேர்ந்த பச்சை நிலையில் நன்கு கடத்தும். அமிலத்தை நீக்கினால் நீலமாகிக் கடத்தலை இழக்கும்.

சங்கிலியோடு இணைக்கும் பக்கக் கூட்டங்களை மாற்றி, வேண்டிய நிறத்தையும் மின்னியல்பையும் அமைக்க அறிஞர் இன்று கற்றுள்ளனர். சிறு மின்னழுத்தத்தால் இருண்டு, வெயிலைத் தடுக்கும் யன்னற் கண்ணாடிக்கு இவை உதவும். ஆயினும் பன்முறை மாறியபின் இவை நலிவடைகின்றன. அக்குறையைத் தீர்க்கும் வேலை இன்னும் எஞ்சியுள்ளது.

இளைஞர்களே! பாடசாலை ஆய்வுகூடத்தில் புத்தகம் கூறாத நிறம் ஒன்று தோன்றினால், குழாயைக் கழுவுமுன் "ஏன்?" என்று கேளுங்கள். பெரியோர்களே! பரீட்சைக்கு உதவாதென்று அக்கேள்வியை அடக்கிவிடாதீர்கள். கேளாத கேள்வியொன்று நூறு ஆண்டுகள் காத்திருந்த கதையையே இதுவரை கேட்டீர்கள்.