சுவிட்சுக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி? போர்ட் மிரரிங்

இந்த எபிசோடில் போர்ட் மிரரிங் பற்றிப் பேசலாம். சிஸ்கோ சுவிட்சுகளில் இதுக்குப் பெயர் ஸ்பான்.

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் செய்ய எங்கெங்கிருந்தோ வர்றாங்க. வர முடியாத பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து லைவில் பார்க்கிறாங்க. அங்கே ஒரு விடுதியில், காலையில் மட்டும் லைவ் விட்டு விட்டு நின்றது. அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டுற நேரத்துல படம் நின்னா, அவங்களுக்காக இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. என்னைக் கூப்பிட்டாங்க.

முந்தின நாள் ராத்திரி ஸ்பீடு டெஸ்ட் போட்டால் எல்லாம் சரியா இருக்கு. லேப்டாப்பை சுவிட்சில் சொருகி வயர்ஷார்க்கைத் திறந்தால், பிராட்காஸ்ட் மாதிரி பொதுவான பாக்கெட்டுகள்தான் தெரியுது. அது இயல்புதான். பழைய ஹப், வந்ததை எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும். சுவிட்ச், எந்த மேக் முகவரி எந்த போர்ட்டில் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, அங்கே மட்டும் அனுப்பும். அடுத்தவர் டிராஃபிக் நம்ம பக்கம் வராது.

மிரரிங் போட்டால், ஒரு போர்ட்டில் போவதும் வருவதும் நகலாக நம்ம போர்ட்டுக்கு வரும். சாதாரண அன்மேனேஜ்டு சுவிட்சில் இந்த வசதி இருக்காது. டிபி-லிங்க் ஈஸி ஸ்மார்ட் வகை போதும்.

நான் ரவுட்டருக்குப் போகும் போர்ட்டை சோர்ஸாகவும், காலியான ஒரு போர்ட்டை டெஸ்டினேஷனாகவும் வைத்தேன். இங்கே கவனம் வேணும்: பல சுவிட்சுகளில் டெஸ்டினேஷன் போர்ட் அதுக்கப்புறம் வழக்கமான வேலையைச் செய்யாது. லைவ் ஓடுற கம்ப்யூட்டரின் போர்ட்டைக் கொடுத்தால் நிகழ்ச்சி அங்கேயே கட்.

காலையில் வயர்ஷார்க்கின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மெனுவில் கான்வர்சேஷன்ஸ் திறந்தேன். மேலே நின்றது லைவ் இல்லை, சிசிடிவி ரெக்கார்டர்! முந்தின நாள் பதிவுகளை அது கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அப்லோடு முழுக்க அதுக்கே போய்விட்டது. நேரத்தை நள்ளிரவுக்கு மாற்றினோம். மறுநாள் லைவ் நிற்காமல் ஓடியது.

ஆனால் நகலை அப்படியே நம்பிடாதீங்க. ஒரு கிகாபிட் போர்ட்டில் போக 1, வர 1 என்று 2 கிகாபிட் வரை ஓடலாம். 1 கிகாபிட் டெஸ்டினேஷனில் அது அடங்காது, மிச்சம் விழுந்துவிடும். நகலில் பாக்கெட் காணோம் என்பதால் நெட்வொர்க்கிலும் காணோம்னு அர்த்தம் இல்லை. சுவிட்சின் டிராப் கவுன்ட்டரையும் பாருங்க.

இன்னொன்று, ரவுட்டர் போர்ட்டில் ஓடுவது விடுதியில் தங்கியிருக்கிற எல்லாருடைய டிராஃபிக். எச்டிடிபிஎஸ் உள்ளடக்கத்தை மறைக்கும். யார் எந்தத் தளத்துக்குப் போறாங்கன்னு பெரும்பாலும் தெரியும். அதனால் உரிமையாளர் அனுமதி வாங்குங்க, தலைப்புப் பகுதியை மட்டும் பதிவு செய்யுங்க, வேலை முடிஞ்சதும் கோப்பை அழிச்சு மிரரிங்கை நிறுத்துங்க. மறந்துட்டு வந்தால், நாளைக்கு அந்த போர்ட்டில் யார் சொருகினாலும் எல்லாருடைய நடமாட்டமும் அவங்க கையில்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.