சொல்லிக் கொடுப்பவர் செய்து காட்ட வேண்டியது

(நமது டிரஸ்ட் நடத்தும் இலவச மாலை டியூஷனின் ஆசிரியர்–பெற்றோர் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



ஜமாஅத் பெரியவர்களே, டியூஷன் எடுக்கும் சகோதர சகோதரிகளே, பெற்றோர்களே!

பரீட்சைக் காலம் நெருங்கினால் நம் தெரு வாட்ஸ்அப் குழுக்களில் கைடுகளின் பிடிஎஃப் சுற்ற ஆரம்பித்துவிடும். கடையில் விற்கிற கைடை அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்து ஒருவர் அனுப்புவார். கீழே வரிசையாக ‘ஜஸாக்கல்லாஹு கைர்’ என்று எழுதுவார்கள். அனுப்பியவர் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. வாங்க வசதியில்லாத பிள்ளை படிக்கட்டுமே என்றுதான் அனுப்புகிறார். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. கெட்ட எண்ணத்தில் நடப்பதைத் தவறு என்று பிள்ளைகளிடம் எளிதாகச் சொல்லிவிடலாம். நல்ல எண்ணத்தோடு பெரியவர்கள் செய்வதைப் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் பழகிக்கொள்வார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஒருவர் எழுதினால், வரைந்தால், அந்த நேரமே உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்றில்லை. எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும்.

அதே சட்டம் ஆசிரியரின் கையைக் கட்டிப் போடவும் இல்லை. அதன் 52ஆம் பிரிவின்படி ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும் போக்கில் நகல் எடுக்கலாம், கேள்வித்தாளிலும் சேர்க்கலாம். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப் பகுதிகளை நகல் எடுத்துத் தொகுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடை மீது 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம், பாடம் நடத்துவதற்குத் தேவையான அளவு நகல் எடுக்க இந்தப் பிரிவு இடம் தருகிறது என்றே சொன்னது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

ஆகவே பயப்பட வேண்டாம். இன்றைய பாடத்துக்கு வேண்டிய பக்கங்களை நகல் எடுத்து உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். கைடு முழுவதையும் ஸ்கேன் செய்து, வகுப்புக்குச் சம்பந்தமே இல்லாத நூறு பேருக்கு அனுப்புவது பாடம் நடத்துவதாகாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கும் தெரிய வேண்டும், பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

“இலவசமாகத்தானே கொடுக்கிறோம், காசா வாங்குகிறோம்?” என்று கேட்பார்கள். தர்மம் கொடுக்கிற பொருள் முதலில் நம்முடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மார்க்கத்தில் இதற்கு என்ன நிலை என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது, அதை மீறக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது.

நம் பக்கத்திலிருந்தும் யோசித்துப் பாருங்கள். நம் டியூஷனில் சொல்லிக் கொடுக்கும் பெண்பிள்ளைகள் வீட்டு வேலை முடித்து, இரவில் உட்கார்ந்து கையால் நோட்ஸ் எழுதுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, மேலே இருக்கும் பெயரை வெட்டிவிட்டு இன்னொருவர் தன் பெயரில் அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? கைடு எழுதியவரும் அப்படி ஓர் ஆசிரியர்தான்.

காசில்லாத பிள்ளைக்கு வழி என்ன? வழி நிறையவே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களை அரசே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பாரதியார் தொடங்கிப் பல அறிஞர்களின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது; தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அவற்றைப் படிக்கலாம். 1998 முதல் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்நூல்களாகத் தந்து வருகிறது. விக்கிப்பீடியாவின் கட்டுரைகளை, எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டு அதன் நிபந்தனைப்படி யாரும் பயன்படுத்தலாம். இவற்றைத் தேடி எடுக்கப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பது, ஒரு பிடிஎஃப் அனுப்புவதைவிடப் பெரிய உதவி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறர் எழுத்தை எடுப்பதில் காட்டும் கவனத்தைப் பிறர் முகத்தை எடுப்பதிலும் காட்ட வேண்டும். நோட்டுப் புத்தகமும் சீருடையும் வாங்குகிற பிள்ளையைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எப்படித் தலை நிமிர்ந்து உட்காரும்? மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடுவதும் அப்படித்தான். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் பிள்ளையின் மானம் நம்மிடம் அமானிதம்.

எனவே டிரஸ்ட் சார்பில் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக் கைடுகளை டிரஸ்ட் பணத்தில் வாங்கி டியூஷன் அலமாரியில் வைப்போம். பிள்ளைகள் இரவல் எடுத்துப் போகலாம். பரீட்சை முடிந்த வீடுகளிலிருந்து பழைய கைடுகளை வாங்கி அடுத்த வகுப்புக்குக் கொடுப்போம். நம் ஆசிரியர்களின் நோட்ஸ் அவர்கள் பெயரோடுதான் வெளியே போகும். வகுப்பில் காட்டும் படத்தின் அடியில் அது யாருடையது என்று ஒரு வரி எழுதுவோம். உதவி வாங்கும் பிள்ளைகளின் முகம் இனி நம் படங்களில் இருக்காது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை புராஜெக்ட் எழுதிக் கொண்டுவந்தால், மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், “இதை எங்கே பார்த்து எழுதினாய்?” என்று கேளுங்கள். கண்டிக்கிற தொனி வேண்டாம், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். உங்களுக்கு வரும் தகவலை அனுப்பும் முன் இதே கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பிள்ளை பக்கத்திலிருந்து பார்க்கட்டும்.

கைடு தேவைப்படும் பிள்ளைகளின் பெயர்களை இந்த வாரத்துக்குள் டியூஷன் ஆசிரியர்களிடம் கொடுத்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், எந்தப் பிள்ளையும் புத்தகம் இல்லாமல் பரீட்சைக்குப் போகாது.

வஸ்ஸலாம்.