வளர்த்த சோற்றுக்கு விலை உண்டா?

(சந்திப்பு விழாவில் பேசியது)



மேடைக்கு மேலே 'அலும்னி' என்று பேனர் கட்டியிருக்கிறோம். அந்த ஒரு சொல்லைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆங்கிலம் இதை லத்தீனிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. லத்தீனில் 'அலெரே' என்றால் ஊட்டி வளர்த்தல். ஊட்டி வளர்க்கப்பட்டவன் 'அலும்னுஸ்', பெண்ணானால் 'அலும்னா'. பலர் சேர்ந்தால்தான் 'அலும்னி'. "நான் ஒரு அலும்னி"ன்னு நம்ம ஆட்கள் சொல்வதை லத்தீன் வாத்தியார் கேட்டால் காதைத் திருகிவிடுவார். கல்லூரியை 'ஆல்மா மேட்டர்' என்கிறோமே, அதுவும் அதே வேர்தான், ஊட்டும் தாய். இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகம் அதைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 'ஓல்டு' என்கிற சுத்த ஆங்கிலச் சொல்லும் இதற்குப் பங்காளி. லத்தீனுக்கும் ஜெர்மானிய மொழிகளுக்கும் பொதுவான பழைய மூலத்தில் 'அல்' என்றால் வளர்தல். வளர்ந்து முடிந்தவன் 'ஓல்டு'. ஆக, 'ஓல்டு ஸ்டூடன்ட்ஸ்' என்ற பழைய போர்டை மாற்ற நாம் செலவே செய்திருக்க வேண்டாம்!

ரோமாபுரியில் இந்தச் சொல் பட்டதாரியைக் குறிக்கவில்லை. பிறர் கையில் வளர்ந்த பிள்ளையைக் குறித்தது. பெற்றவர்கள் தெருவில் போட்டுவிட்டுப் போன குழந்தையை யாரோ எடுத்து வளர்ப்பார்கள், பல சமயம் அடிமையாக. அப்படி வளர்ந்தவர்களைக் கிரேக்கர்கள் 'த்ரெப்டோய்' என்றார்கள், பொருள் அதேதான். கி.பி. 110-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்றைய துருக்கியின் வடபகுதியான பித்தினியாவை ஆண்ட பிளினி, இவர்கள் விஷயத்தில் என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதிக் கேட்டார். டிராஜனின் பதில் இன்றும் இருக்கிறது. சுதந்திரமாய்ப் பிறந்தவர் உரிமை கேட்டால் மறுக்கக் கூடாது. வளர்த்த செலவைக் கொடுத்து அவர் தன் விடுதலையை வாங்கவும் வேண்டியதில்லை!

உப்பிட்டவரை மறக்காதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் நெருடும். எனக்கும் நெருடியது. நன்றி மனசில் இருக்கட்டும், அதற்குச் சீட்டு எதற்கு? நம் சங்கம் மெஸ் கட்டண உதவி கொடுக்கும்போது, "வேலை கிடைத்ததும் திருப்பித் தருகிறேன்" என்று பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்குகிறது. நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனாலும் அந்தக் காகிதத்தை எடுத்துவிடலாம் என்று மதியம் பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன். கை தூக்க நினைப்பவர்கள் சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள்.