கூலி வெட்டில்லாத நிழல் வேண்டும்!

(வேப்பம்பட்டில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்படி கமிட்டியில் சொன்னார்கள். "நம் ஜனங்களிடம் போய் அதையா பேசுவது? கூலி உயர்வைப் பற்றிப் பேசுகிறேனே" என்றுதான் நானும் முதலில் சொன்னேன். இரண்டும் ஒரே பேச்சு என்று பிறகுதான் தெரிந்தது.

திருத்தணியில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதுச் செய்தியல்ல. ஆனால் அந்த வெயில் எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு வெளியே ஒரு வெயில், உள்ளே ஒரு வெயில். ஒடிசாவிலிருந்து வந்து சூளையில் கல் அறுக்கிற குடும்பத்துக்கு நிழலே கிடையாது. நாற்று நடுகிற பெண்ணுக்கு முதுகில் சூரியன், முகத்தில் சேற்றின் ஆவி. எரிகிற நிலக்கரியும் எண்ணெயும் விடுகிற புகை ஆகாயத்தில் போர்வை போல மூடி, பூமியைச் சூடாக்குகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அந்தப் புகையால் லாபம் கண்டவன் குளிர்சாதன அறையில் இருக்கிறான்.

இதில் சர்க்கார் செய்தது என்ன? 2008 ஜூன் 30-ல் மத்திய சர்க்கார் எட்டு இயக்கங்கள் கொண்ட தேசிய செயல்திட்டத்தை வெளியிட்டது. 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில், 2070-க்குள் நிகரப் புகையைப் பூஜ்யமாக்குவோம் என்று பிரதமர் அறிவித்தார். 2024-25-ல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. நிலக்கரியை நாளைக்கே நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் நம் பிள்ளைகள் காண்டிராக்ட் கூலிகளாக இருக்கிறார்கள். நிலக்கரிக்குத் தேதி குறிக்கிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் பிழைப்புக்கு என்ன ஏற்பாடு குறித்தார்கள் என்பதே என் கேள்வி.

வெளிநாட்டுக் கதை இதைவிட மோசம். ஏழை நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009-ல் கோபன்ஹேகனில் வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகை வந்தது இரண்டாண்டு கழித்து. அதிலும் பெரும்பகுதி கடன்! வீட்டைக் கொளுத்தியவன் தண்ணீரை வட்டிக்குக் கொடுத்தானாம். 2024-ல் பாகுவில் ஏழை நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர். பணக்கார நாடுகள் ஒப்பியது 2035-க்குள் 30,000 கோடி. அமெரிக்காவில் ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரிப்புகை, இந்தியாவில் 2 டன். இந்த வித்தியாசத்தைச் சொல்லி நம் சர்க்கார் அங்கே வாதாடுவது நியாயந்தான். ஆனால் அந்த 2 டன், நான்கு கார் வைத்திருப்பவனையும் நாற்று நடுகிறவளையும் சேர்த்துப் போட்ட சராசரி. உள்ளூரில் அந்தக் கணக்கை யாரும் பிரித்துக் காட்டுவதில்லை.

மாநில சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்தது, அதையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். அப்போது மத்திய சர்க்காரின் பேரிடர்ப் பட்டியலில் 12 இனங்கள் இருந்தன. வடக்கே அடிக்கிற குளிர் அலை அதில் உண்டு, வெயில் இல்லை! ஆகவே மாநிலப் பேரிடர் நிதியில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் செலவழிக்கலாம் என்ற விதியின் கீழ்தான் இதைச் செய்ய முடிந்தது.

அந்த 4 லட்சம் யார் கைக்கு வரும்? சாவுக்கு வெயில்தான் காரணம் என்று உரிய அதிகாரி சான்று தரவேண்டும். நம் பக்கத்து ஆலை ஒன்றில் உலைக்காரத் தோழர் ஒருவர் மத்தியான ஷிப்டில் சுருண்டு விழுந்தார். நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "மயக்கம்" என்று சீட்டில் எழுதினார்கள். "ராத்திரி குடித்திருப்பான்" என்றான் காண்டிராக்டர். அவர் குடிக்கிற ஆளே அல்ல. பிழைத்துக்கொண்டார், நான்கு நாள் கூலி போயிற்று. செத்திருந்தால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவர் சம்சாரம் எந்த ஆபீஸ் படியேறியிருப்பார்?

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 13-வது பிரிவில் வேலையிடத்து வெப்பம் உடலைக் கெடுக்காதபடி இருக்கவேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் வைக்கவேண்டும் என்றது. அந்தச் சட்டத்திலும் இத்தனை டிகிரி என்று எண் கிடையாது, அதை மறைக்க வேண்டாம். 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலாயின. மின்சாரத்தால் இயங்கும் இடத்தில் முன்பு 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். 15 பேர் வேலை செய்கிற பட்டறை தொழிற்சாலைக் கணக்கிலிருந்தே வெளியே போய்விட்டது.

கத்தாரில் நம் ஊர்ப் பையன்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். 2021 முதல் அங்கே ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. அது மன்னராட்சி நாடு! உலகம் முழுவதும் கேள்வி கேட்டதால் வந்த சட்டம் அது.

போன கோடையில் நடவுப் பெண்களிடம் போய், "மத்தியானம் இரண்டு மணி நேரம் நிழலில் உட்காருங்கள்" என்று பெரிய மனிதன் போல் உபதேசம் செய்தேன். ஓர் அம்மா நிமிர்ந்தார். "ஏம்பா, ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி வந்திருக்கோம். நிழல்ல உக்காந்தா நீயா கூலி குடுப்ப?" என்றார். பதில் சொல்ல முடியாமல் வந்தேன். "11 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள்" என்று சர்க்கார் தண்டோரா போடுகிறதே, அதற்கும் அந்த அம்மா கேட்ட கேள்விதான்.

அதனால் வெறும் ஓய்வு என்று நாம் கேட்கப் போவதில்லை. கூலியோடு ஓய்வு வேண்டும். பீஸ் ரேட்காரர்களுக்கு, ஓய்வு நேரத்துக்கு அவர்களுடைய சராசரிக் கூலியைப் போடவேண்டும். உலைக்காரர்களுக்கு நாள் வேலையில் நேரக் குறைப்பு வேண்டும். வேலையிடத்தில் விழுந்தவருக்கு ஆஸ்பத்திரியில் உடல் சூட்டை அளந்து சீட்டில் எழுதவேண்டும். சூளைக்கு வந்த ஒடிசாத் தோழர்களுக்கும் இதெல்லாம் சேரவேண்டும். அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் வாங்கினால், முதலாளி நாளைக்கே நம் இடத்தில் அவர்களை நிறுத்துவான்.

மனு எழுதியாயிற்று. வரும் திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் கொடுக்கிறோம். காலை எட்டு மணிக்கு ரயிலடியில் கூடுவோம். கையெழுத்துத் தாள் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மையும் இருக்கிறது. அந்த நடவு அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் பெயர் அவருடையது.