நம் ஊரும் அதன் பெயரும்

(ஆலயத் திருவிழாவில் ஆற்றிய உரை)

 

நம் தஞ்சோங் ரம்புத்தானைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தனர். தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்று, இன்று அரசுப் பணியில் இருக்கும் எனக்கு இது ஒரு பெரும்பேறு.

‘தஞ்சோங்’ என்றால் முனை. அதனோடு ரம்புத்தான் மரத்தின் பெயரும் சேர்ந்து ஊர்ப் பெயராயிற்று. கோர்பு மலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் கிந்தா ஆறு நம் ஊரைத் தொட்டுச் செல்கிறது. உலு கிந்தாவில் உள்ள சுல்தான் அஸ்லான் ஷா அணை, ஈப்போ மக்களுக்குக் குடிநீர் தருகிறது. அந்நகரத்தார் பருகும் நீர் நம் பக்கத்து மலைநீர் என்பதை நாம் மறத்தலாகாது.

கிந்தாப் பள்ளத்தாக்கை வளர்த்தவை ஈயமும் இரப்பரும் ஆகும். 1895-இல் இரயில் ஈப்போவை எட்டியது. 1903-இல் பிறை முதல் சிரம்பான் வரை தண்டவாளம் இணைந்தது. அப்பாதையில் நம் ஊருக்கும் ஒரு நிலையம் அமைந்தது. தண்டவாளம் இட்டவர்களிலும் பால்மரம் சீவியவர்களிலும் நம் முன்னோர் பலர். அவர்கள் லயத்தில் குடியிருந்தாலும், கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் தம் இரு கண்களாகப் போற்றினர். 1985-இல் ஈய விலை வீழ்ந்தது. தோட்டங்கள் பல கைமாறின. ஆயினும் தஞ்சோங் ரம்புத்தான் தமிழ்ப்பள்ளி இன்றும் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கிறது.

அன்பர்களே, நம் ஊரை நாடறியச் செய்தது இவற்றுள் எதுவும் அன்று. 1911-இல் இங்கு திறக்கப்பட்ட மருத்துவமனையே ஆகும். அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களுக்கென மனநோயாளர் காப்பகமாக அது எழுந்தது. பின்னர் மத்திய மனநல மருத்துவமனை என வழங்கி, 1971 முதல் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்னும் பெயர் பெற்றது. ‘பஹாகியா’ என்னும் மலாய்ச் சொல்லும் நாம் சொல்லும் ‘பாக்கியம்’ என்பதும் ஒரே வடமொழி வேரில் பிறந்தவை. எவ்வளவு நல்ல பெயர்!

ஆனால் நடப்பது என்ன? யாரேனும் சற்று மாறாகப் பேசினால், “இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்” என்று நாடு முழுவதும் நகைக்கிறார்கள். நம் பிள்ளைகள் வெளியூரில் ஊரைக் கேட்டால் “ஈப்போ” என்று சொல்லித் தப்பித்துக் கொள்கிறார்கள். இந்த நகைப்பு நம் ஊரின் மானத்தோடு நின்றுவிட்டால் பொறுத்துக் கொள்ளலாம். அது உயிர்களையும் குடிக்கிறது. அந்தப் பெயருக்கு அஞ்சியே, உறக்கமின்றித் தவிக்கும் மகனையும், தனக்குத்தானே பேசும் தாயையும் வீட்டுக்குள் மறைத்து வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. மந்திரித்துக் கயிறு கட்டுவதிலேயே ஆண்டுகள் கழிகின்றன, நோய் முற்றுகிறது.

1950-களில் மனநோய்க்குப் பயன்தரும் மருந்துகள் உலகெங்கும் வழக்கத்திற்கு வந்தன. அதன்பின், வாழ்நாள் முழுவதும் வார்டில் கிடக்க வேண்டும் என்னும் நிலை மாறியது. தவறாமல் மருந்துண்டு, வேலைக்குச் சென்று, குடும்பம் நடத்துவோர் பலர். இன்று அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளிலும் மனநலச் சிகிச்சை கிடைக்கிறது. 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நீக்க 2023-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. போலீசுக்கு அஞ்சி உண்மையை மறைக்க வேண்டிய நிலை இனி இல்லை. சட்டம் மாறிவிட்டது, நம் மனம்தான் இன்னும் மாறவில்லை.

துன்பம் வந்தால் தமிழன் முதலில் ஏறுவது கோயில் படியே. ஆதலால் நிர்வாகத்தினருக்கு மூன்று வேண்டுகோள்கள்: மனம் நொந்து வரும் குடும்பத்தாரிடம், “அர்ச்சனையும் செய்யுங்கள், மருத்துவரையும் பாருங்கள்” என்று அன்போடு சொல்லுங்கள். ஆலய அறிவிப்புப் பலகையில் அருகிலுள்ள கிளினிக்குகளின் விவரத்தை எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மனநல மருத்துவர் ஒருவரை இம்மண்டபத்திற்கு அழைத்துப் பேசச் செய்யுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் அந்தக் கேலிச்சொல் எழும்போது பிள்ளைகளைத் திருத்துங்கள். இவ்வூர்க்காரர் பலர் அம்மருத்துவமனையில் பணிபுரிந்து பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். பெற்றவரும் தொட அஞ்சிய நோயாளியைக் குளிப்பாட்டி, உணவூட்டிய கைகள் அவை. அத்தொண்டும் இறைத் தொண்டே அன்றோ?

நூறாண்டுகளுக்கு மேலாக, பிறர் கைவிட்டவரை ஏற்றுக்கொண்ட ஊர் இது. இனி எவரேனும் ஊர் கேட்டால், தலைநிமிர்ந்து “தஞ்சோங் ரம்புத்தான்” என்றே சொல்லுங்கள். எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் உடல்நலமும் மனநலமும் அருள்வானாக.