பொலிகிடாவுக்குப் பால் மார்க் போடுறது எப்படி?

திருவொற்றியூர், எண்ணூர் தெருக்கள்ல திரியுற ஆடுகளைப் பார்த்திருப்பீங்க. பொலிகிடாவை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? உயரம், கொம்பு, எடை. பாலுக்கு? கிடாதான் கறக்காதே!

கிடாவோட பால் மரபு அதோட மகள்கள்கிட்டதான் தெரியும். கணக்குப் போடுங்க. கிடா வளரணும். 5 மாசச் சினைக்குப் பிறகு மகள் பிறந்து, வளர்ந்து, அவளும் குட்டி போடணும். சுமார் 3 வருஷம். அதுக்குள்ள பக்ரீத் வந்துடும். எடையுள்ள கிடாதான் முதல்ல விலைபோகும். ரிசல்ட் வரும்போது கிடா இருக்காது.

அதனாலதான் மதுரா பக்கம் மக்தூமில் 1979-ல் தொடங்கின மத்திய வெள்ளாடு ஆராய்ச்சி நிலையத்தில், ஜமுனாபாரி கிடாவைத் தேர்ந்தெடுக்க அம்மாவோட 90 நாள் பால் அளவையும் பார்க்கிறாங்க. அம்மா தர்றது பாதி ஜீன்தான். ஆனா அந்தத் தகவல் குட்டி பிறந்த மூணு மாசத்துலயே கைக்கு வந்துடும்.

பிரான்ஸில் ஆல்பைன், சானென் ஆடுகளுக்கு டிஎன்ஏவையும் சேர்த்துக் கணிக்கிறாங்க. அதுக்கும் அடித்தளம் பண்ணை பண்ணையா எழுதிவச்ச பால் அளவுதான். ஒரே தீனி தின்ற ஆடுகளை ஒப்பிடணும்; இல்லன்னா தீனியோட மார்க் கிடாவுக்குப் போயிடும்.

டேட்டா இல்லாம எந்த மாடலும் ஓடாது. நம்ம ஏரியாவுக்கு முதல் தேவை லேப் இல்லீங்க. ஆட்டுக் காதுல ஒரு நம்பர், வீட்டுல ஒரு நோட்டு.